ஸ்கிராப் பிரிவில் ஒரு கெபி

"மாதா முதுகுல ஸ்க்ரூ டிரைவர வெச்சிட்டான்! ஏ, தெருவுல யாரு கீறீங்க, வந்து பாருங்க! மொத ஓலை இப்பத்தான் கோயில்ல படிச்சாங்க, அந்தச் சத்தம்கூட இன்னும் என் காத விட்டுப் போவல, அதுக்குள்ள இவன் மாதாவக் கழட்டறான்!"

"அத்த, மாதாவ நான் தொடவே இல்ல. பின்னாடி மூடிய மட்டும்..."

"யாருக்குடா அத்த? உங்க சபையில சொல்லி அனுப்பிக்கிறாங்க. பொண்ணு எடுக்கற மாதிரி பூந்து, சுரூபத்த ஒடச்சிட்டு வாடான்னு!"

"யம்மா, கத்தாத. நாந்தான் கதவத் தொறந்து உட்டேன்."

"நீயாடி? நீதான் லைட்டு புடிச்சிக்கினு நின்னியா? பெத்த வயிறு எரியுதுடி. யோவ், நீ இன்னாய்யா பண்ணிக்கினு இருந்த?"

கடைசிக் கேள்வி, கத்திக்கொண்டிருந்த ஞானம்மாவின் வீட்டுக்காரர் சின்னராசு அண்ணனுக்கு. அவர் மடியில் முறத்தை வைத்துக்கொண்டு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். "ஏதோ ரிப்பேருன்னான்," என்றார்.

நான் அடுத்த வீட்டை எட்டிப் பார்க்கிற ரகம் கிடையாது. இட்லி மாவு பாக்கெட் போட்டு விற்கிறவள். பாக்கெட்டுக்கு ரப்பர் பேண்ட் போட வெளிச்சம் வேண்டும், வெளிச்சம் எங்கள் வாசலில்தான் இருக்கிறது. அங்கே உட்கார்ந்தால் எதிர் வீட்டு முன்னறை முழுசாகத் தெரிகிறது. ஞானம்மா கதவைச் சாத்தி வைக்கலாம், வைப்பதில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் அன்பியக் கூட்டம் என்று ஒன்று நடக்கும், அதில் போய் உட்கார்ந்தால் ஞானம்மா வீடு திரும்ப உச்சி வெயிலாகிவிடும். அன்றைக்குப் பார்த்துக் கூட்டம் இல்லை. ஓலை படித்த சந்தோஷத்தில் அரை கிலோ ஜாங்கிரியோடு வந்தவள் கண்ணில் பட்டது, மண்டி போட்டுக்கொண்டிருந்த வருங்கால மாப்பிள்ளை ஸ்டீபன். அதுவரைக்கும் நல்ல காட்சிதான். ஆனால் பையன் மாதாவின் முன்னால் மண்டி போடவில்லை, பின்னால் போட்டிருந்தான். வாயில் நாலைந்து ஸ்க்ரூவைக் கவ்விக்கொண்டிருந்தான். பக்கத்தில் ஞானம்மா மகள் மெர்சி செல்போன் வெளிச்சத்தை மாதாவின் இடுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஓலை என்றால் என்ன என்று எனக்கும் இந்தத் தெருவுக்கு வந்த பிறகுதான் தெரியும். கோயிலில் கல்யாணம் செய்வதற்கு முன்னால் மூன்று ஞாயிறு பெண் மாப்பிள்ளை பெயரைப் படிப்பார்கள். இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் சொல்லிவிட வேண்டும் என்று ஃபாதர் கேட்டுக்கொள்வார். இப்படி ஒரு நல்ல ஏற்பாடு நம்மில் ஏன் இல்லை என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

இதில் ஸ்டீபன் வீடு சபை. அவன் அம்மா ரோசம்மாள் பல வருஷம் முன்னால் பாஸ்டர் இம்மானுவேலின் சபையில் சேர்ந்து, தாலியையும் கம்மலையும் கழற்றி வைத்தவள். அந்தப் பக்கம் சுரூபம் என்கிற சிலை, படம், மெழுகுவத்தி எதுவும் ஆகாது. ஞானம்மாவோ தெருவுக்கே ஜெபமாலை சொல்லிக் கொடுக்கிறவள். ஃபாதர் ஜெரால்ட் மேலிடம் வரைக்கும் எழுதி அனுமதி வாங்கி, இரண்டு சம்பந்திகளையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்து டீ குடிக்க வைப்பதற்குள் அவருக்குக் கொஞ்சம் இருந்த முடியும் போய்விட்டது. அப்படி முடிச்சுப் போட்ட சம்பந்தத்தில்தான் இப்போது ஸ்க்ரூ டிரைவர் நுழைந்திருந்தது.

ஸ்டீபனைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிப்காட்டில் கம்பி உருட்டுகிற ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறான். கம்பிக் கட்டின் நுனியில் பெயின்ட் அடிப்பதுதான் வேலை. பச்சை என்றால் போகலாம், மஞ்சள் என்றால் நிற்கட்டும், சிவப்பு என்றால் மறுபடி உலைக்கு. நாள் முழுக்க இதைச் செய்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தாலும் கை நிற்காது. அவர்கள் வீட்டு உப்பு டப்பாவில் 'உப்பு - கல்' என்று ஒட்டியிருக்கும். பக்கத்தில் 'உப்பு - தூள்'. "நான் செத்தா எம்மேலயும் ஒண்ணு ஒட்டுவான் பாரு," என்று ரோசம்மாள் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பாள்.

அவனுக்குக் குடி இல்லை, சிகரெட் இல்லை. இருந்திருந்தால் நமக்கும் புரிந்திருக்கும். அவனுக்கு இருந்தது பழைய கம்ப்யூட்டர். உலைக்கு வருகிற ஸ்கிராப் லாரியிலிருந்து கீபோர்டு, டப்பா, வயர் என்று பொறுக்கி வந்து கட்டிலுக்கடியில் அடுக்குவான். அது பரவாயில்லை. உலகத்தில் உள்ள பழைய கம்ப்யூட்டர் சாமான் எல்லாவற்றையும் பற்றி எழுதி வைக்கிற விக்கி ஒன்று இன்டர்நெட்டில் இருக்கிறதாம். யார் வேண்டுமானாலும் எழுதலாம், அதை யார் வேண்டுமானாலும் திருத்தலாம், திருத்தியதை இன்னொருத்தர் வந்து மாற்றலாம். என் மகன் லோகு இதை விளக்கியபோது, "இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு, நம்ம தண்ணி லாரி வரும்போது நடக்கறதுதானே?" என்றேன். "அங்க ஆதாரம் கேப்பாங்கம்மா," என்றான். அது ஒன்றுதான் வித்தியாசம் போலிருக்கிறது.

ஸ்டீபன் அதில் திருத்துகிற ஆள். எழுதுவதைவிட எடுத்து அடுக்குவதுதான் அவனுக்கு இஷ்டம். இன்னது பிரின்டர், இன்னது மானிட்டர், இது ஓடுவது, இது ஓடாதது, இது ஸ்கிராப். பிரேசிலில் எவனோ ஒருவன் பிளாப்பி டிரைவைக் கொண்டுபோய் டேப் டிரைவ் பிரிவில் போட்டுவிட்டான் என்று ஒரு நாள் நாஷ்டா சாப்பிடாமலே ஷிப்டுக்குப் போனான். ரோசம்மாள் எங்கள் வாசலில் வந்து அழுதாள். "எவளாவது ஏமாத்திட்டாளான்னு கேட்டேங்கா. பிரேசில்னு சொல்றான்."

அந்த விக்கியில் நம்ம ஊர் சாமான் ஒன்றே ஒன்று இருந்தது. இங்கே நவதாரா எலெக்ட்ரானிக்ஸ் என்று ஒரு கம்பெனி, நான் கல்யாணமாகி வருவதற்கு முன்பே மூடிவிட்டார்கள். அவர்கள் செய்த பெட்டி 'நவதாரா 20'. ஸ்டீபன் அதை டெர்மினல் பிரிவில் வைத்திருந்தான். ஹாலந்தில் ஹென்க் என்று ஒருவர், ரிட்டயரான மனுஷன், அந்த விக்கியை மேய்க்கிறவர், அது வெறும் மானிட்டர் என்று தூக்கி மானிட்டர் பிரிவில் போட்டார். மானிட்டர் என்றால் மூளை இல்லாதது, படம் மட்டும் காட்டும். டெர்மினல் என்றால் உள்ளே கொஞ்சம் மூளை உண்டு. ஸ்டீபன் திரும்ப மாற்றினான். அவர் திரும்ப மாற்றினார். மழைக்காலம் முழுக்க இதே வேலை. கடைசியில் அவர், உள்ளே ஒட்டியிருக்கிற லேபிளையும் போர்டையும் படம் பிடித்துப் போடு, ஒத்துக்கொள்கிறேன் என்று எழுதினார். நவதாரா 20 இன்னும் முழுசாக எங்கே இருக்கிறது? ஊரில் இருந்ததெல்லாம் எப்போதோ உலைக்குப் போய்க் கம்பியாகி, எங்கெங்கோ வீட்டுத் தளத்துக்குள் கிடக்கிறது.

ஒன்று மட்டும் போகவில்லை. சின்னராசு அண்ணன் அந்தக் கம்பெனியில் வாட்ச்மேன். மூடிய அன்றைக்குக் கேட்டுப் பக்கம் கிடந்ததைத் தூக்கி வந்தார். முன்னால் இருந்த கண்ணாடிக் குழாயைக் கழற்றி எறிந்துவிட்டுக் கோழிக்கு வைத்தார். கோழி உள்ளே போக மறுத்தது. அப்போது ஞானம்மா வேளாங்கண்ணிக்குப் போய் ஒரு மாதா சுரூபம் வாங்கி வந்திருந்தாள். பெட்டிக்கு நீல பெயின்ட் அடித்து, உள்ளே ஜிகினாத் துணி விரித்து, மாதாவை நிறுத்தி, சுற்றி சீரியல் பல்பு கட்டினாள். கண்ணாடி இருந்த இடம் அளவெடுத்துச் செய்த கெபி மாதிரி, அதாவது மாதாவை நிறுத்துகிற குகை மாதிரி, வளைவாக அமைந்துவிட்டது. வேளாங்கண்ணியில்கூட இவ்வளவு சுத்தமான வளைவு இல்லை என்பாள்.

நிச்சயத்தன்று எல்லாரும் பெண்ணைப் பார்க்க, ஸ்டீபன் மட்டும் கெபியையே பார்த்துக்கொண்டிருந்தான். நான்தான் பார்த்தேனே. பையனுக்கு என்ன பக்தி என்று ஞானம்மா கண் கலங்கினாள். மகன் கை விட்டுப் போகிறான் என்று ரோசம்மாள் ஸ்தோத்திரம் ஸ்தோத்திரம் என்று முணுமுணுத்தாள். அவன் பார்த்தது பெட்டியின் பக்கவாட்டில் இருந்த காற்றுத் துளைகளை.

ஆக, அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் பின்மூடியைத் திறந்து படம் எடுத்தது வரைக்கும்தான் சண்டை. ஃபாதர் ஜெரால்ட் வந்து, மாதாவுக்கு எந்தச் சேதமும் இல்லை, மூடியில் இருந்த பல்லி முட்டையைத்தான் தம்பி துடைத்திருக்கிறது என்று சொல்லித் தீர்த்தம் தெளித்துவிட்டுப் போனார். ஞானம்மா முனகிக்கொண்டே ஜாங்கிரியைப் பிரித்தாள். எனக்கும் இரண்டு வந்தது. அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

கெடுத்தது மெர்சி. நல்ல எண்ணத்தில்தான். அவளும் சிப்காட்டில் ஒரு மருந்து கம்பெனி லேபில் வேலை செய்கிறவள், இங்கிலீஷ் நன்றாக வரும். அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் அம்மாவைக் குளிர வைக்கலாம் என்று போனை நீட்டினாள். "பாரும்மா, நம்மூட்டு மாதா ஒலகத்துக்கே தெரியறாங்க. ஹாலந்துக்காரரு ஒத்துக்கினாரு. மானிட்டர் இல்ல, டெர்மினல்தானாம். உள்ள யாரு அந்த அம்மான்னு வேற கேட்டுக்கிறாரு."

ஞானம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். மாதாவின் முதுகு, ஜிகினா, பச்சை போர்டு. பெருமையாகத்தான் இருந்தது. "மேல செவப்பா இன்னாமோ போட்டுக்கிறானே, அது இன்னா?"

மெர்சி பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கும் அந்த வியாதி தொற்றிவிட்டிருந்தது. "அது பிரிவும்மா. ஸ்கிராப்."

வேறு ஊரில் இந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. எங்கள் ஊரில் ஸ்கிராப் என்றால் லாரி வரும், கிரேன் தூக்கும், உலைக்குள் போகும். ராத்திரி பகல் அதைப் பார்த்துக்கொண்டு, காயப்போட்ட துணியில் அந்தத் தூசியைத் தட்டிக்கொண்டு வாழ்கிறவர்கள் நாங்கள். மாதா குடியிருக்கிற இடத்தை அதில் சேர்த்து, அதுவும் கையெழுத்துப் போட்டுச் சேர்த்தவன் மாப்பிள்ளை.

"செவப்பு பெயின்ட் அடிச்சிட்டான்டீ," என்றாள் ஞானம்மா. கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஸ்டீபன் ஷிப்டு முடிந்து நேராக ஓடி வந்தான். வாசலோடு நிறுத்திவிட்டாள்.

"அத்த, அது ரூல். பிக்சர் டியூப் இல்லாத மிஷின் எல்லாமே ஸ்கிராப் பிரிவுதான். நானே எழுதின ரூல்."

"உங்க ரூல எனக்கு எதுக்கு சொல்ற? மாத்திட்டு வா. ரெண்டாவது ஓலைக்கு நான் பல்லக் கடிச்சிக்கினு உக்காந்திருப்பேன். மூணாவது ஓலை படிக்கறதுக்குள்ள மாத்தல, அத்தன பேரு முன்னாடி நானே எந்திரிச்சி தடை கீதுன்னு சொல்லுவேன்."

பெற்ற பெண்ணின் ஓலைக்குத் தாயே தடை சொல்வதை இந்தக் கோயிலில் யாரும் பார்த்ததில்லை. இரண்டாவது ஓலை வாசித்த ஞாயிறு, முன் பெஞ்சின் விளிம்பை இரண்டு கையாலும் அவள் பிடித்திருந்தது பாடல் குழுவிலிருந்து பார்த்தாலே தெரிந்ததாம். அந்தக் குழுவில் பாடுகிற மேரி என்னிடம் சொன்னாள். மேரி தாளம் தப்பவிட்டாளாம்.

ஸ்டீபன் மாற்றவில்லை. அதைவிட மோசம், அவன் மாற்றாமல் இருந்ததை சபைக்காரர்கள் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார்கள். சுரூபத்தை ஸ்கிராப் என்று உலகத்துக்கே அறிவித்த வாலிபன் என்று ரோசம்மாள் தெருத் தெருவாகச் சொன்னாள். பாஸ்டர் இம்மானுவேல் வீட்டுக்கே வந்துவிட்டார். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மேடை ஏறிச் சாட்சி சொல்ல வேண்டும் என்றார்.

"இன்னா பாஸ்டர் சாட்சி? டியூப் இல்ல, அதான் போட்டேன். உங்க சபையில வாசிக்கற கீபோர்டுக்கும் மூணு கட்ட இல்ல, அதையும் ஸ்கிராப்புலதான் போடுவேன்."

பாஸ்டர் காபியைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு மெர்சியே அந்த விக்கியில் ஒரு கணக்குத் தொடங்கி, அந்தப் பக்கத்துக்குள் போய், ஸ்கிராப் என்பதை அழித்துவிட்டாள். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும் என்று நாங்கள் எல்லாரும் பேசிக்கொண்டோம். பேசி முடிப்பதற்குள் ஸ்டீபன் அதைப் பழையபடி மாற்றிவிட்டான். ஷிப்டில், இரண்டு கம்பிக் கட்டுக்கு நடுவில் நின்றபடி, போனில். காரணம் என்ற இடத்தில் 'ஆதாரமற்ற திருத்தம்' என்று எழுதியிருந்தான். மெர்சி மறுபடி அழித்தாள். அவன் மறுபடி மாற்றினான். கல்யாணத்துக்கு நாள் குறித்த இருவர் இப்படிச் சண்டை போட்டுக்கொள்வதை ஹாலந்தில் உட்கார்ந்து ஒரு பெரியவர் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார் பாருங்கள். இரண்டு பேரையும் உரையாடல் பக்கத்துக்குப் போய்ப் பேசித் தீர்த்துக்கொள்ளச் சொன்னார். பொறுமையான மனுஷன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டீபன் பைக்கில் வந்து நின்றான். மெர்சி கேட்டைத் திறக்கவில்லை. நான் ரப்பர் பேண்ட் போட்டுக்கொண்டிருந்தேன்.

"யோவ், அது நான்னு தெரியாதா உனக்கு? எம்பேரு போட்டுத்தானே கீது?"

"தெரியும்."

"தெரிஞ்சிமா அழிச்ச?"

"பேரப் பாத்துட்டு உட்டா, அப்புறம் அந்த பிரேசில்காரன நான் இன்னா மூஞ்சிய வெச்சிக்கினு திருத்தறது?"

மெர்சி கேட்டுக் கொக்கியை இன்னொரு தடவை அழுத்தி மாட்டினாள். பிறகு, "அந்த பிரேசில்காரனையே கட்டிக்கோ," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். அந்த வீட்டில் கதவு சாத்தி அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஸ்டீபன் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தான். உள்ளே அழுதானா என்று தெரியவில்லை, கண்ணாடி கறுப்பு.

மூன்றாவது ஓலைக்கு முந்தின நாள் மெர்சி மாவு வாங்க வந்தாள். அவர்கள் வீட்டில் மாவு இருந்தது எனக்குத் தெரியும், காலையில்தான் கொடுத்தேன். கண் வீங்கியிருந்தது. அந்த விக்கியின் சட்டதிட்டம் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்திருக்கிறாள். சாமான் ஓடாவிட்டாலும், ஜனங்கள் புழங்கிக்கொண்டிருந்தால் அதற்கு வேறு பிரிவு கேட்கலாமாம். ஆனால் புழங்குகிறது என்று வீட்டுக்காரர்கள் சொன்னால் செல்லாது. சம்பந்தமில்லாத ஒருவர், நேரில் கண்டவர் சொல்ல வேண்டும்.

"எக்கா, நீங்க எங்க கோயிலும் இல்ல, அவங்க சபையும் இல்ல."

"நான் இன்னா கண்டேன், நான் பாட்டுக்கு மாவு..."

"எக்கா." அவள் என் முகத்தையே பார்த்தாள்.

சரி என்றேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை. எங்கள் வாசலிலேயே வைத்துக்கொண்டோம். ஸ்டீபன் போனில் பதிவு செய்ய, லோகு இங்கிலீஷில் எழுத உட்கார்ந்தான். ரோசம்மாளும் மகள் ஜெபாவும் தள்ளி நின்றார்கள். ஞானம்மா அவள் வீட்டுப் படியில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தெருவே வந்துவிட்டது.

"அந்தப் பொட்டி எவ்ளோ நாளா புழக்கத்துல கீது?" ஸ்டீபன் என்னை யாரோ மாதிரி கேட்டான்.

"மெர்சிக்குப் பல்லு மொளைக்கறதுக்கு முன்னாடியே."

"தெனமும் லைட்டு எரியுமா? பொதுவா சொல்லாதீங்க, கண்டத சொல்லுங்க."

கண்டதைச் சொல்லு என்று என்னிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. சொல்லாதே என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். தொடங்கினேன். வெளக்கு வைக்கிற நேரத்துக்கு எரியும். பெரிய வெள்ளிக்கிழமை எரியாது. சின்னராசு அண்ணன் ஊத்திக்கொண்டு வந்த அன்றைக்கெல்லாம் கோபத்தில் ஞானம்மா போட மாட்டாள். போன கிறிஸ்மஸுக்கு முன்னால் பச்சை பல்பு போய், ஒரு வாரம் சிவப்பு மட்டும் எரிந்தது. ஜெபமாலை முடிந்ததும் ஞானம்மா பெட்டிக்குப் பின்னால் கைவிட்டுச் சாவி எடுத்து பீரோ திறப்பாள். சின்னராசு அண்ணன் பீடிக்கட்டை மேலே ஒளிப்பார். அம்மா கேன்டீன் வேலைக்குப் போன பிறகு மெர்சி அதன் பக்கத்தில் உட்கார்ந்து, மாதா முகத்தை மறைத்துத் துண்டு போட்டுவிட்டு போன் பேசுவாள், போன வருஷம் பொங்கலிலிருந்து, இந்த ஸ்டீபன் தம்பியோடுதான், அந்தப் பக்கம் சிரிக்கிற சத்தம்கூட...

லோகு எழுதுவதை நிறுத்திவிட்டான்.

"அப்போ எங்க ஊட்ட நீ தெனமும் பாத்துக்கினுதான் இருந்தியா?" என்றாள் ஞானம்மா. அதற்குள் அடுத்தது அவளுக்குப் புரிந்தது. மகள் பக்கம் திரும்பினாள். "ஏன்டீ, ஃபாதரு பேசி முடிச்ச சம்பந்தம்னு நான் ஊரெல்லாம் சொல்லிக்கினு கீறேன். போன பொங்கலா? லவ்வா?"

மெர்சி தரையைப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றார் சின்னராசு அண்ணன், உள்ளே இருந்து.

"வாய மூடுய்யா!" ஞானம்மா எழுந்து, தெருவைக் கடந்து, ஸ்டீபன் எதிரில் வந்து நின்றாள். அடிக்கப் போகிறாள் என்று ரோசம்மாள் ஓர் அடி முன்னால் வந்தாள். ஞானம்மா அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"லவ் பண்ற பொண்ணு எழுதினதையா அழிச்ச நீ?"

"ஆமா அத்த."

"ரெண்டு வாட்டி?"

"மூணு."

சின்னராசு அண்ணன் கல்யாணத்துக்கு முன்னால் ஞானம்மாவிடம் என்னவெல்லாம் சொன்னார், எந்தக் கம்பெனியில் சூப்பர்வைசர் என்று சொன்னார் என்பதெல்லாம் தெருவுக்குத் தெரிந்த கதை. அது அவள் முகத்தில் வந்து போனது மாதிரி எனக்குப் பட்டது. "இவன் வாயில பொய்யி வராது போலக்குதே," என்று ரோசம்மாளைப் பார்த்துச் சொன்னாள். குற்றம் சொல்கிற குரலில்தான் சொன்னாள்.

"எங்க வாய்க்கு வராது, சம்மந்தி," என்றாள் ரோசம்மாள், அதே குரலில்.

ஸ்டீபன் அங்கேயே, எங்கள் மாவுக் கிரைண்டர் மேல் போனை வைத்து, 'வீட்டுப் புழக்கத்தில் உள்ளவை' என்று ஒரு புதிய பிரிவு உண்டாக்கி நவதாரா 20-ஐ அதில் வைத்தான். அந்தப் பிரிவில் உலகத்திலேயே அது ஒன்றுதான். அடிக்குறிப்பில் ஆதாரம் என்று போட்டு என்ன எழுதினான் என்பதை லோகுவிடம் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். 'எதிர் வீட்டுப் பெண்மணி. நீண்டகால நேரடிக் கண்காணிப்பு.' பேஜாரு பிடித்தவள், வாயாடி, ஊர் வம்பு என்றெல்லாம் எனக்குப் பெயர் வைத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் போய் அதைப் படிக்கட்டும்.

மறுநாள் நான் குளித்து, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். கடைசி பெஞ்சில் இடம் கிடைத்தது. ஃபாதர் ஜெரால்ட் மூன்றாவது ஓலையை எடுத்தார். பெயர்களைப் படித்தார். தடை என்ற வார்த்தை வந்ததும் அவர் குரல் கொஞ்சம் கீழே போனது. முன் பெஞ்சில் ஞானம்மா எழுந்து நின்றாள். கோயில் மொத்தமும் திரும்பியது. வெளியே கேட்டுப் பக்கம் பைக்கில் சாய்ந்திருந்த ஸ்டீபன் நிமிர்ந்தது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"இன்னாம்மா?" என்றார் ஃபாதர் மைக்கிலேயே.

"தடை இல்ல ஃபாதர்."

"இல்லன்னா சொல்லத் தேவையில்லம்மா."

"கீதுன்னா மட்டும்தான் சொல்லணுமா? எதுவா இருந்தாலும் சொல்லிடறது நல்லது." உட்கார்ந்தாள். மேரி அவசரமாகப் பாட்டைத் தொடங்கினாள், வேறு பாட்டு.

கல்யாணம் நடந்தது. தாலி கட்டுகிற வரைக்கும் ரோசம்மாள் கோயில் வாசல் புங்க மரத்தடியிலேயே நின்றாள், பிரியாணிக்கு உள்ளே வந்தாள். பாஸ்டர் இம்மானுவேல் மண்டபத்தில் நீளமாக ஜெபம் செய்தார், தயிர்ப் பச்சடியில் ஈ உட்கார்ந்தது. ஜெபாவுக்கு அடுத்த வருஷமே திருப்பாச்சூர்ப் பக்கம் இடம் அமைந்தது, மாப்பிள்ளை பஸ் கம்பெனியில் மெக்கானிக், எதையும் திருத்துகிற பழக்கம் இல்லை என்று விசாரித்துக்கொண்டுதான் கொடுத்தார்கள். என் லோகு ஸ்ரீசிட்டியில் வேலை கிடைத்துப் போய்விட்டான், ஞாயிற்றுக்கிழமைகூட வருவதில்லை. மெர்சிக்கு அம்பத்தூரில் லேப் வேலை கிடைத்ததும் அவர்கள் திருநின்றவூரில் ஃப்ளாட் பார்த்துக்கொண்டு போனார்கள்.

போன மாசம் அந்தப் பக்கம் ஒரு கல்யாணத்துக்குப் போனவள், அதிரசம் கொஞ்சம் கட்டிக்கொண்டு அவர்களையும் பார்த்துவிட்டு வரலாம் என்று படியேறினேன். மணியை அழுத்தப் போனபோது எதிர் ஃப்ளாட் கதவு ஒரு விரல் அகலத்துக்குத் திறந்தது. உள்ளே ஒரு மாமி, ஜானகியம்மாள் என்று பிறகு தெரிந்தது. பார்த்ததுமே எனக்குப் பிடித்துப்போயிற்று.

"நீங்க அவங்க சொந்தமா? ஒண்ணு கேக்கலாமா? அந்தப் பொண்ணும் பையனும் பேசிக்கறதே இல்லையே. லீவு நாள்ல காலையிலேர்ந்து ஒரு சத்தம் கெடையாது. ஏதாவது மனஸ்தாபமா?"

மெர்சியை அந்த விக்கியில் மேய்க்கிற ஆளாக ஹென்க் பெரியவர் ஆக்கிவிட்டார் என்றும், இப்போது ஸ்டீபன் மாற்றுவதை எல்லாம் அவள்தான் பார்த்து ஒப்புதல் தர வேண்டும் என்றும் லோகு சொல்லியிருந்தான். அதை இந்தம்மாவுக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வது? உதட்டில் விரலை வைத்து வாருங்கள் என்று கூப்பிட்டேன். செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். இரண்டு பேரும் கதவில் காதை வைத்தோம்.

ஒரு அறையிலிருந்து கீபோர்டுச் சத்தம் படபடவென்று வந்தது, கோபமாக, நீளமாக, கடைசியில் ஓங்கி ஒரு தட்டு. பிறகு ஒன்றுமில்லை. ஃபேன் சுற்றியது. ஜானகியம்மாள் என் கையைப் பிடித்தாள். இன்னொரு அறையில் மெர்சி மூக்கால் சிரித்த மாதிரி இருந்தது. அப்புறம் அங்கிருந்து மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக, ஓர் அவசரமும் இல்லாமல் பதில் வரத் தொடங்கியது. அதிரசப் பொட்டலத்தில் எண்ணெய் ஊறி என் விரலில் இறங்கிக்கொண்டிருந்தது. மணியை அழுத்த மனசு வரவில்லை.